44 செ.மீ. மழை: ராமநாதபுரம் கடலோரத்தில் மழைமானியின் எண்ணை எப்படிப் படிப்பது

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரம் தீவில் கொட்டிய மழைக்கு அடுத்தடுத்துப் பல கணக்குகள் வெளியாயின. பாம்பனில் மூன்று மணி நேரத்தில் 19 செ.மீ. என்றது ஒரு செய்தி. அதே பாம்பனில் 28 செ.மீ. என்றது மறுநாள் செய்தி. ராமேஸ்வரத்தில் 44, தங்கச்சிமடத்தில் 34, மண்டபத்தில் 27 என்று பட்டியல் நீண்டது. எது சரி என்று குழம்பியவர்கள் நிறைய. எல்லாமே சரிதான். மழைக் கணக்கு ஒவ்வொன்றுக்கும் பின்னால் மூன்று கேள்விகள் உண்டு: எந்த இடத்தில், எத்தனை மணி நேரத்துக்குள், எந்தக் கருவியில். இந்த மூன்றும் தெரியாமல் எண்ணை மட்டும் பார்த்தால் புயல் நேரத்தில் அது உதவாது. சில சமயம் தப்பான தைரியத்தையும் கொடுத்துவிடும்.

மில்லிமீட்டர் என்பது எதன் உயரம்?

பெய்த நீர் ஓடாமல், மண்ணில் இறங்காமல், ஆவியாகாமல் அப்படியே நின்றால் தரைக்கு மேல் எவ்வளவு உயரம் நிற்குமோ, அதுதான் மழையளவு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். 1,000 சதுர அடி மொட்டை மாடி ஏறக்குறைய 93 சதுர மீட்டர். அங்கே 100 மி.மீ. பெய்தால் 9,300 லிட்டர். 10 மி.மீ. ஒரு செ.மீ. என்பதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டால் செய்தியில் வரும் எந்த எண்ணையும் தண்ணீராக மாற்றிப் பார்த்துவிடலாம்.

கிராமத்தில் இன்றும் 'ஒரு உழவு மழை' என்கிறார்கள். ஏர் ஓட்டும் அளவுக்கு மண் நனைந்தது என்று பொருள். விதைப்புக்கு அது நல்ல அளவுகோல்தான். ஆனால் உச்சிப்புளி மணலில் இறங்கும் ஆழமும் முதுகுளத்தூர்க் கரிசலில் இறங்கும் ஆழமும் ஒன்றல்ல. ஊருக்கு ஊர் ஒப்பிடவும், நேற்றையும் இன்றையும் கூட்டிப் பார்க்கவும் மி.மீ.தான் கைகொடுக்கும்.

ராமநாதபுரம் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 800 மி.மீ. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் கிடைப்பது. ராமேஸ்வரத்துக்கு அன்று ஒரே நாளில் கிடைத்த 438 மி.மீ. எவ்வளவு பெரியது என்று இதை வைத்துப் பார்க்கலாம்: ஆண்டு மழையில் பாதி.

மழை நாள் எப்போது தொடங்குகிறது?

இந்திய வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30க்கு முடிகிறது. அளந்த நாளின் தேதியில்தான் அந்த மழை பதிவாகும். நவம்பர் 20 பகலில் பெய்தது நவம்பர் 21 காலைப் பட்டியலில் வந்தது இதனால்தான். வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியலில் தேதியைப் பார்த்துவிட்டு 'நேற்று மழையே இல்லையே' என்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

24 மணி நேர மழைக்கு வானிலைத் துறை வைத்திருக்கும் பெயர்கள்:

1. 15.6 முதல் 64.4 மி.மீ. வரை: மிதமான மழை.
2. 64.5 முதல் 115.5 வரை: கனமழை.
3. 115.6 முதல் 204.4 வரை: மிகக் கனமழை.
4. 204.5 மி.மீ.யும் அதற்கு மேலும்: அதிகனமழை.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் வேறு. அவை இனி என்ன வரலாம் என்பதைச் சொல்பவை. மழைமானி வந்து விழுந்ததைச் சொல்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

மொத்தத்தைவிட வேகம் முக்கியம்

பாம்பனின் இரண்டு எண்களை மறுபடி பாருங்கள். 24 மணி நேரத்தில் 28 செ.மீ.; அதில் 19 செ.மீ. மூன்றே மணி நேரத்தில். நாளின் எட்டில் ஒரு பங்கு நேரத்தில் மழையின் மூன்றில் இரண்டு பங்கு வந்துவிட்டது. சராசரியாக மணிக்கு 63 மி.மீ. மணிக்கு 15 மி.மீ.க்கு மேல் போனாலே அடுத்த சில மணி நேரத்துக்கான முன்னறிவிப்பில் அது பலத்த மழை. அதே 28 செ.மீ. நாள் முழுக்கச் சீராகப் பெய்திருந்தால் மணிக்கு 12 மி.மீ.கூட வராது. மணல் பாங்கான தீவு அதில் பெரும்பகுதியைக் குடித்திருக்கும், வாய்க்காலும் இழுத்திருக்கும்.

மேகவெடிப்பு என்ற சொல்லும் வேகத்தைக் குறிப்பதே. 20 முதல் 30 சதுர கி.மீ. அளவுள்ள சிறிய பரப்பில் ஒரு மணி நேரத்தில் 100 மி.மீ. கொட்டினால்தான் வானிலைத் துறை அப்படிச் சொல்கிறது. நாள் முழுதும் பெய்த மழையை மேகவெடிப்பு என்று எழுதுவது பிழை.

காலை 8.30க்கு ஒருமுறை மட்டும் பார்க்கும் மழைமானி இந்த வேகத்தைக் காட்டாது. புயல் தயார்நிலைக்கு மணிக்கு மணி எடுத்த கணக்கு வேண்டும்.

12 கி.மீ.க்குள் 16 செ.மீ. வித்தியாசம்

ராமேஸ்வரத்திலிருந்து சாலை வழியே மேற்கே வந்தால் தங்கச்சிமடம், பிறகு பாம்பன், பாலம் தாண்டினால் மண்டபம். அன்றைய அளவுகளும் அதே வரிசையில் இறங்குகின்றன: 44, 34, 28, 27. ராமேஸ்வரத்துக்கும் பாம்பனுக்கும் இடையே சுமார் 12 கி.மீ.தான். பாம்பன் கணக்கை மட்டும் நம்பியிருந்த ராமேஸ்வரத்துக்காரர் ஒருவர் தன் வீட்டு வாசலில் விழுந்த மழையை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவாக நினைத்திருப்பார்.

ராடார் பார்க்காதா என்று கேட்கலாம். பார்க்கும். ஆனால் காரைக்கால் ராடாரிலிருந்து ராமேஸ்வரம் ஏறக்குறைய 190 கி.மீ. பூமி வளைவதாலும் கதிர் சற்று மேல்நோக்கிப் போவதாலும் இங்கே வந்து சேரும்போது அது தரைக்கு மேல் மூன்றரை கி.மீ.க்கும் உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழேயே உருவாகிக் கொட்டும் மழை அதன் கண்ணில் படாது, அல்லது குறைவாகத் தெரியும். ராமநாதபுரத்தில் ராடார் அமைப்பதாக மாநில அரசு அறிவித்திருக்கிறது. ராடார் வந்தாலும் அது மேகத்திலிருந்து மழையை ஊகிக்கும் கருவிதான். ஊகத்தைச் சரிபார்க்கத் தரையில் மழைமானி வேண்டும். தாலுகாவுக்கு ஒன்றிரண்டு போதாது என்பதற்கு மேலே சொன்ன நான்கு எண்களே சாட்சி.

கருவி: வாய், புட்டி, அளவுக் குவளை

அரசு அலுவலக வளாகங்களில் தரையோடு நிற்கும் கண்ணாடியிழை மழைமானியில் மூன்று பாகங்கள்: மேலே புனலோடு கூடிய வாய், பாதி மண்ணில் புதைந்த அடிக்கூடு, உள்ளே பாலிதீன் புட்டி. வாயின் பரப்பு 100 அல்லது 200 சதுர செ.மீ. 200 சதுர செ.மீ. வாயில் 1 மி.மீ. மழை 20 மி.லி. நீராக விழும், 100 சதுர செ.மீ. வாயில் 10 மி.லி. ஒவ்வொரு வாய்க்கும் அதற்கென்றே கோடு போட்ட கண்ணாடிக் குவளை உண்டு. 100க்கு உரிய குவளையால் 200இன் நீரை அளந்தால் மழை இரட்டிப்பாகிவிடும். உடைந்த குவளைக்குப் பதிலாகக் கையில் கிடைத்ததை வைத்து அளக்கும் இடங்களில் இது நடக்கிறது. ஒரு ஊர் மட்டும் அக்கம்பக்கத்தைவிடச் சரியாக இரண்டு மடங்கு காட்டினால் முதலில் குவளையைச் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது புட்டியின் கொள்ளளவு. 200 சதுர செ.மீ. வாய்க்கு 4 லிட்டர் புட்டி வைத்தால் 200 மி.மீ.யில் நிரம்பிவிடும். 438 மி.மீ. மழைக்கு 8.76 லிட்டர் வேண்டும். 10 லிட்டர் புட்டி இருந்தால்தான் தாங்கும். புட்டி நிரம்பி வழிந்த நீர் அடிக்கூட்டில் தேங்கும். அதையும் வடித்து அளந்து கூட்ட வேண்டும். வெறும் புட்டியை மட்டும் அளந்துவிட்டு '200' என்று எழுதினால் அந்த எண் பொய்.

பெருமழை நாளில் அளப்பதே ஒரு வேலை. 200 சதுர செ.மீ. வாய்க்கான குவளை ஒரு தடவைக்கு 10 மி.மீ.தான் கொள்ளும். 438 மி.மீ. என்றால் 43 முழுக் குவளை, பிறகு ஒரு முக்கால் குவளை. இடையில் யாராவது பேச்சுக் கொடுத்து எண்ணிக்கை ஒன்று தவறினால் 10 மி.மீ. போச்சு. குவளைக்கு ஒரு புளியங்கொட்டை என்று தரையில் எடுத்து வைப்பது பழைய தந்திரம், இன்றும் அதைவிட நல்ல வழி இல்லை. அளந்த நீரை மண்ணில் கொட்டாமல் ஒரு வாளியில் ஊற்றி வையுங்கள். சந்தேகம் வந்தால் திரும்ப அளக்கலாம்.

எங்கே வைப்பது?

நல்ல கருவியைக் கெட்ட இடத்தில் வைத்தால் கிடைப்பது கெட்ட எண். இந்தக் கடலோரத்தில் கவனிக்க வேண்டியவை:

1. வாயின் விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் மட்டமாக இருக்க வேண்டும். ரசமட்டம் வைத்துப் பாருங்கள். அதைவிடத் தாழ்ந்தால் தரையில் பட்டுத் தெறிக்கும் நீரும் மணலும் உள்ளே போகும். உயர்ந்தால் காற்று மழையைத் தள்ளிக்கொண்டு போய்விடும்.
2. சுவர், மரம் எதுவானாலும் அதன் உயரத்தின் இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி வைக்க வேண்டும். 15 மீட்டர் பனைக்கு 30 மீட்டர். வீட்டு முற்றத்தில் இது பெரும்பாலும் சாத்தியமில்லை. பள்ளி மைதானம், கண்மாய்க் கரைக்குக் கீழுள்ள பொட்டல், ஊராட்சி அலுவலகத் திடல் பொருந்தும்.
3. மொட்டை மாடி வேண்டாம். கைப்பிடிச் சுவரில் மோதி மேலெழும் காற்று துளிகளை வாய்க்கு மேலேயே கடத்திவிடும். வாடைக் காற்று வலுத்து வீசும் நாளில், அதாவது நமக்கு எண் மிகவும் தேவைப்படும் நாளில், இந்தப் பிழை மிகப் பெரிதாக இருக்கும்.
4. சிமெண்டுத் தளத்தின் நடுவே நடக் கூடாது. சுற்றிலும் புல் அல்லது சரளை. சீமைக் கருவேலம் அருகில் இருந்தால் அதன் பொடி இலை புனலை அடைக்கும்.
5. மணல் தரையில் அடிக்கூட்டைக் கான்கிரீட் கட்டியில் பதியுங்கள். வெறும் மணலில் நட்டது பெருங்காற்றில் சாயும். சாய்ந்த வாய் பிடிப்பது சரியான மழை அல்ல.

சரியாக வைத்த மழைமானியும் காற்றால் சில சதவீத மழையை இழக்கும். புயல் காற்றில் இழப்பு இன்னும் கூடும். ஆகவே புயல் நாளின் எண்ணைக் 'குறைந்தபட்சம் இவ்வளவு' என்று படிப்பது நல்லது.

வீட்டிலேயே செய்துகொள்ள

உள்விட்டம் 11.3 செ.மீ. உள்ள புனல் கிடைத்தால் அதன் வாய் 100 சதுர செ.மீ. ஆகிவிடும். கீழே ஒரு கேன். விழுந்த நீரை மருந்துக்கடையில் கிடைக்கும் சிரிஞ்சால் அளந்தால் 10 மி.லி.க்கு 1 மி.மீ. கணக்கு அவ்வளவுதான்.

வாளியை வைத்து ஸ்கேலால் உயரம் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது, எல்லோரும் தவறுவதும் அங்கேதான். வாளி மேலே அகலம், கீழே குறுகல். அகல வாயில் விழுந்த நீர் குறுகிய அடியில் நிற்கும்போது உயரம் கூடுதலாகத் தெரியும். வாளியானால் உயரத்தை விட்டுவிட்டு நீரை லிட்டரில் அளந்து வாயின் பரப்பால் வகுக்க வேண்டும். வாய் விட்டம் 28 செ.மீ. என்றால் பரப்பு 616 சதுர செ.மீ.; ஒரு லிட்டருக்கு 16.2 மி.மீ. மழை. இதைச் சின்ன விஷயம் என்று தள்ள வேண்டாம். வரலாறு காணாத மழைக்குப் பிறகு, மழைமானி இல்லாத ஊர்களில் திறந்த வெளியில் கிடந்த வாளி, அண்டா இவற்றின் நீரை அளந்துதான் நிபுணர்களும் மழை வரைபடத்தை நிரப்புகிறார்கள். வாளி மழைக்கு முன் காலியாக இருந்ததா என்பது மட்டும் உறுதியாகத் தெரிய வேண்டும்.

தானியங்கி மழைமானியில் என்ன கெடும்?

தானியங்கி மழைமானிக்குள் ஏறி இறங்கும் சீசா பலகை போல இரட்டைக் கிண்ணம் ஒன்று இருக்கும். ஒரு கிண்ணம் நிரம்பியதும் சாய்ந்து கொட்டும், மற்றது மேலே வரும். ஒவ்வொரு சாய்வையும் காந்த சுவிட்ச் எண்ணும். 200 சதுர செ.மீ. வாயில் 0.2 மி.மீ.க்கு ஒரு சாய்வு என்றால் அது 4 மி.லி. நீர். நிமிடத்துக்கு நிமிடம் வேகத்தைச் சொல்வது இதன் பலம். பலவீனங்கள்:

1. பேய்மழையில் குறைத்துக் காட்டும். மணிக்கு 200 மி.மீ. வேகத்தில் 3.6 நொடிக்கு ஒரு சாய்வு. கிண்ணம் சாயும் அந்த அரை நொடியிலும் நீர் நிறைந்த கிண்ணத்திலேயே விழுந்து வீணாகிறது. குறைவு 5 முதல் 10 சதவீதம் வரை போகலாம்.
2. அடைப்பு. காக்கை எச்சம், கருவேல இலை, காற்றில் வரும் மணல், உள்ளே குளவிக் கூடு. முழு அடைப்பு என்றால் பக்கத்து ஊரில் கொட்டும்போது இங்கே பூஜ்யம். பாதி அடைப்பைக் கண்டுபிடிப்பது கடினம். மழை நின்ற பிறகும் மணிக்கணக்கில் ஒரே சீராக 0.2, 0.2 என்று எண்ணிக்கொண்டிருந்தால் புனல் சொட்டுகிறது என்று அர்த்தம். அந்த நாளின் மொத்தம் ஓரளவு சரியாக இருக்கலாம். வேகம் முழுக்கத் தப்பு.
3. உப்புக் காற்று. திருகுகளும் மின் இணைப்பும் பச்சை பூத்து, சாய்வு நடந்தும் எண்ணப்படாமல் போகும். துருப்பிடிக்காத எஃகுத் திருகு, இணைப்பில் கிரீஸ், செப்டம்பரில் ஒருமுறை முழுத் துப்புரவு.

பரிசோதனை எளிது. 400 மி.லி. நீரைச் சொட்டுச் சொட்டாக அரை மணி நேரத்தில் விடுங்கள். 100 சாய்வு வர வேண்டும். 97 முதல் 103 வரை வந்தால் விட்டுவிடலாம். 90 வந்தால் கிண்ணம் தேவைக்கு மேல் நீர் பிடித்துத்தான் சாய்கிறது. கிண்ணத்துக்கு அடியிலுள்ள தாங்குதிருகை இரண்டு பக்கமும் ஒரே அளவு சற்று உயர்த்த வேண்டும்.

தானியங்கியின் பக்கத்திலேயே ஒரு சாதாரண மழைமானியும் வையுங்கள். இரண்டும் ஒத்துப்போகாதபோது நான் சாதாரணத்தையே நம்பச் சொல்வேன்.

புயல் நாளில் அளக்கும் முறை

1. முன்தினமே புட்டியைக் காலி செய்து, மாற்றுப் புட்டி ஒன்றைத் தயாராக வைக்கவும். மழைக்குள் நின்று அளக்க வேண்டாம்; புட்டியை மாற்றிவிட்டு உள்ளே வந்து அளக்கலாம்.
2. வழக்கமான நாளில் காலை 8.30. கனமழை எச்சரிக்கை வந்தால் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. மணிக்கு 15 மி.மீ.யைத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை.
3. நோட்டில் நேரம், கடைசி அளவுக்குப் பின் பெய்தது, 8.30 முதல் மொத்தம், கடந்த ஐந்து நாள் மொத்தம், காற்றின் திசை என்று எழுதவும்.
4. மழை இல்லையென்றால் 0. அளக்க முடியவில்லையென்றால் ஒரு கோடு. இரண்டும் வேறு. அளக்காத நாளுக்கு 0 எழுதினால் ஐந்து நாள் கூட்டலே கெட்டுப்போகும்.
5. இடி மின்னல் இருக்கும்போது திடலுக்குப் போக வேண்டாம். விட்டுப்போன மணியை அடுத்த அளவில் சேர்த்து, எத்தனை மணி நேர மழை என்று குறித்தால் போதும்.
6. எண் வேகமாக ஏறினால் கண்மாய் மடையைத் திறந்து மூடும் நீர்பாய்ச்சிக்கும் ஊராட்சிக்கும் சொல்லவும். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

எண்ணிலிருந்து வெள்ளத்துக்கு

ஐந்து நாள் கூட்டல் எதற்கு? காய்ந்த மண் முதல் மழையை விழுங்கும். நவம்பர் கடைசியில் மண் நிறைந்து, கண்மாய் கலுங்கு (உபரிநீர் வழியும் இடம்) மட்டத்தில் நிற்கும்போது அதே 60 மி.மீ. முழுக்க ஓடிவரும். அக்டோபரில் 'அன்றைக்கு 100 மி.மீ. பெய்தும் ஒன்றும் ஆகவில்லை' என்ற அனுபவத்தை டிசம்பருக்குக் கொண்டுபோகக் கூடாது.

ஒரு தாழ்வான குடியிருப்புக்கு 10 ஹெக்டேரிலிருந்து நீர் வடிந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 190 மி.மீ. மழை என்றால் அங்கே விழுவது 1 கோடியே 90 லட்சம் லிட்டர். பாதி மண்ணில் இறங்கினாலும் 95 லட்சம் லிட்டர் தேங்கும். மணிக்கு 1 லட்சம் லிட்டர் இறைக்கும் மோட்டார் ஒன்றை இடைவிடாமல் ஓட்டினால் 95 மணி நேரம், அதாவது ஏறக்குறைய நான்கு நாள். மழை நின்ற பிறகும் நான்கு நாள் தண்ணீர் நிற்பதற்கு யாருடைய சோம்பலும் காரணமாக இருக்க வேண்டியதில்லை, கணக்கே அப்படி. மோட்டார் எத்தனை வேண்டும் என்பதை மழை பெய்துகொண்டிருக்கும்போதே இப்படிக் கணக்கிட்டுக் கேட்கலாம்.

எந்த மி.மீ. ஆபத்து என்பதற்கு எல்லா ஊருக்கும் பொதுவான எண் இல்லை. வாலிநோக்கம் உப்பளத்துக்கு 10 மி.மீ.யே நஷ்டம். முண்டு மிளகாய்க்கு மொத்த அளவைவிட எத்தனை நாள் வேரில் நீர் நின்றது என்பதுதான் முக்கியம். தெருவுக்கு, பாலத்தடியில் ஒரு கோடு போட்டு, எந்த மணி வேகத்தில் நீர் அந்தக் கோட்டைத் தொட்டது என்று இரண்டு மூன்று பருவம் எழுதி வைத்தால் அந்த ஊரின் எண் தானாக வெளிப்படும்.

மழைமானி சொல்லாதவை

2020 டிசம்பரில் புரெவி புயல் வலுவிழந்து மன்னார் வளைகுடாவில், ராமநாதபுரம் கரையருகே ஒரு நாளுக்கு மேல் நகராமல் கிடந்தது. அப்போது டிசம்பர் 4 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் மிகப் பெரிய மழை பதிவானது கொள்ளிடத்தில், 36 செ.மீ. பாம்பனிலிருந்து அது 200 கி.மீ.க்கும் அப்பால். புயலின் மையம் ஓரிடம், மழை வேறிடம். 'புயல் பக்கத்தில்தான் நிற்கிறது, மழைமானியில் ஒன்றுமில்லை' என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது. மையம் தூரத்தில் இருக்கிறது என்று கருவியை மூடி வைக்கவும் முடியாது.

இன்னொன்று கடல். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்தது மழைநீர் அல்ல, புயல் தள்ளிக்கொண்டு வந்த கடல். மழைமானியில் அது பதிவாகாது. சிறிய அளவிலும் இது வெள்ளத்தை மாற்றும். வாடை வலுத்துப் பாக் விரிகுடாவின் நீர் கரையோரம் ஏறி நிற்கும்போது தொண்டி, திருப்பாலைக்குடி பக்கம் ஓடை முகத்துவாரங்கள் வடியாது. போன வாரம் இரண்டு மணி நேரத்தில் வடிந்த 50 மி.மீ. இந்த வாரம் நாள் முழுக்க நிற்கும். நோட்டில் காற்றின் திசைக்கு ஒரு பத்தி ஒதுக்கச் சொன்னது இதற்காகத்தான்.